ஜன்னலோரத்து நாலு பலகை

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப் போகிற என் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன். சிறு வயதில் யாராவது மரத்தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? சாணம் மெழுகின தரை, சிமெண்டுத் தரை, கடப்பைக்கல் தரை எல்லாம் நமக்குப் பழக்கம். மரத்தரை தெரிந்தவர்கள் கம்மி. திருவண்ணாமலையில் தேர் ஓடுகிற வீதியில் இருந்த எங்கள் வீட்டில், மெத்தை முழுக்கப் பலகைத் தரைதான். எங்கள் பக்கத்தில் மாடியைத்தான் மெத்தை என்போம். பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தரை வெயில் காலத்தில் ஒரு மாதிரி, மழைக் காலத்தில் ஒரு மாதிரி இருக்கும். மழையில் பலகைகள் ஊறி உப்பி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாய் திறக்காது. சித்திரை வெயிலில் சுருங்கி, நடுவில் விரல் அகலத்துக்குச் சந்து விடும். கீழே சமையலறை. சந்து வழியாகத் தாளிப்பு வாசனை மேலே வரும். மேலேயிருந்து என் பல்பம் கீழே போகும். ஒரு தடவை சாம்பாரில் பல்பம் கிடந்து, அப்பா அதை முருங்கைக்காய் என்று கடித்துவிட்டார்.

அப்பா நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கிரீச். நான் ஓடினால் வீடே கூப்பாடு போடும். அம்மா நடந்தால் மட்டும் சத்தமே வராது. எந்தப் பலகை காட்டிக்கொடுக்கும், எது கொடுக்காது என்று பார்த்துப் பார்த்துக் கால் வைப்பாள். அது கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன். ஒரு வீட்டில் இத்தனை வருடம் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டவளைப் பற்றி இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

நான் சொல்லப் போவது எனக்கு ஒன்பது வயது நடந்த வருடத்துக் கதை. அதற்கு முந்தின வருடம் தீபத் திருவிழாவில், தேர் அன்றைக்கு, பெரியப்பா மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். தேர் பார்க்க எங்கள் மெத்தை ஜன்னலை விட வசதியான இடம் வீதியில் கிடையாது. தேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த நேரம், பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி முன்னால் ஒரு அடி வைத்தார். ஜன்னலோரத்துப் பலகை பொத்துக்கொண்டது. கீழே சமையலறையில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்த எனக்கு, கூரையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு கால் இறங்கித் தொங்கினது தெரிந்தது. அம்மா முதலில் அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். அப்புறம்தான் "ஐயோ" என்றாள்.

காலில் சிராய்ப்புதான். ஆனால் பெரியப்பா நொண்டிக்கொண்டே கீழே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "டேய், வீட்ட உன்கிட்ட உட்டுட்டுப் போனது என் தப்புடா. நம்ம அப்பா போட்ட தரை. இத்த ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல உனக்கு."

நாங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் வரை காலைத் தொங்கவிட்டுக் காட்டிச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த தேருக்குள் தரையைச் சரி செய்து, பழுது பார்த்த இடமே தெரியாமல் ஆக்கிவிட வேண்டும் என்பது அவருக்கு வைராக்கியமாகிவிட்டது. அண்ணன் மெத்தை பூராவும் சுற்றி வர வேண்டும், எங்கே போட்டது என்று தேட வேண்டும், கிடைக்கக் கூடாது.

ஐப்பசியில் ஆசாரி வந்தார். ஒல்லியான ஆள். காது மடலில் பென்சில், கோணிப் பையில் சாமான். வந்ததும் உளியை எடுக்கவில்லை. குப்புறப் படுத்துத் தரையை மோந்து பார்த்தார். ஈரத்துணியால் ஒரு பலகையைத் துடைத்து, அது காய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மரம் நல்லாதான் கீது மொதலாளி. பர்மா தேக்கு. ஜன்னல்ல சாரல் அடிச்சி அடிச்சி நாலு பலகை மட்டும் மக்கிப் போச்சு. நாலு மாத்துனா போதும்."

"மாத்துனது தெரியக் கூடாது ஆசாரி."

"அதான் கஷ்டம்," என்றார் ஆசாரி.

அந்தக் கஷ்டம் என்ன என்று பத்து நாளில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மரக்கடையில் கிடைத்தது புதுத் தேக்கு. அதைக் கொண்டுவந்து பழசின் பக்கத்தில் வைத்தால், பழுப்பேறின வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று அப்பா அதற்கு காபி டிகாஷன் தடவச் சொன்னார். அம்மா ஒரு குண்டான் நிறைய கெட்டி டிகாஷன் இறக்கினாள். பலகை திட்டுத் திட்டாகக் கறுத்து, தேமல் வந்த முகம் போல ஆனதுதான் மிச்சம். அன்றைக்கு எங்களுக்குக் காபி இல்லை.

"நிறத்த உடுங்க மொதலாளி. புது மரம் இன்னும் சுருங்கும். ரெண்டு வெயில் பார்த்துச்சுனா இதுக்கும் அதுக்கும் நடுவுல சந்து விழும், ஆணி தூக்கும். பழசுக்குப் பக்கத்துல பழசுதான் நிக்கும். அதே காலத்து மரமா, அதே கனத்துல கெடச்சா கொண்டாங்க."

மக்கின பலகையில் நல்லதாக இருந்த பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு அறுத்து, இழைத்து, மாதிரிக்கென்று ஜன்னல் கட்டையில் வைத்தார் ஆசாரி. செம்பழுப்பில் நாலு கறுப்பு ரேகை ஓடும். அந்தக் கட்டையை நான் எடுத்துக்கொண்டேன். இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பிக்கிறது.

அன்று பள்ளிக்கூடம் லீவு. காலையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற மரத்தையெல்லாம் ஒட்ட வைத்துப் பார்த்தேன். வாசக்கதவு, ஒத்து வரவில்லை. அப்பா மேசை, வெளுப்பு. உரலுக்குப் பக்கத்திலிருந்த மணையைக்கூட விடவில்லை. அம்மா பின்கட்டில் மாவாட்டிக்கொண்டே, "அந்தக் கட்டைய வெச்சிக்கிட்டு என்னாடி பண்ற?" என்றாள். "பொருத்தம் பார்க்கறேன்மா," என்றேன். அம்மா சிரித்தாள்.

பிறகு உள் அறைக்குப் போனேன். அங்கே அம்மாவின் பெட்டி இருந்தது.

பெட்டி என்றால் கையில் தூக்குகிற பெட்டி இல்லை. நான் உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம். கீழ்பென்னாத்தூரில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பழைய உத்திரத்தை அறுத்துச் செய்து, கல்யாணத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினது. ஒரு அங்குல கனப் பலகை. பித்தளைப் பூட்டு. எங்கள் வீட்டில் எல்லாச் சாவியும் அப்பாவின் இடுப்பில் இருக்கும். அந்த ஒரு சாவி மட்டும் அம்மாவின் முந்தானை முனையில் முடிந்திருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூறைப்புடவை, கொஞ்சம் கடிதங்கள், அடியில் ஒரு அட்டை. வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்த அட்டை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா டீச்சர் டிரெய்னிங் முடித்திருந்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை. அவளும் போகிறேன் என்று கேட்டதில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, வேலூரில் இருக்கிற தன் அக்காவை, என் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறுவாள். அப்போது அந்த ஆபீஸ் வேலூரில்தான். அட்டையில் முத்திரை வாங்கினால் பதிவு உயிரோடு இருக்கும். விட்டால், அத்தனை வருட வரிசையும் போய், கடைசி ஆளாகப் புதிதாகப் பதிய வேண்டும். கடைசித் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்றோம். முத்திரை விழுந்ததும் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். அப்பாவிடம் சொல்லாதே என்றெல்லாம் சொல்லவில்லை. என் உதட்டை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதி ஒரு டிக் போடுவாள். அடுத்து எப்போது போக வேண்டும் என்பதையும் கீழேயே எழுதி வைப்பாள். டிக் இல்லாமல். அப்போது எழுதியிருந்தது வரப்போகிற தை மாதம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், கட்டையை மூடி மேல் வைத்த நிமிடம் எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. அதே செம்பழுப்பு. அதே கறுப்பு ரேகை. கட்டை எங்கே முடிகிறது, பெட்டி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. சீட்டுப் பொருந்தின மாதிரி எனக்குக் குதிக்கத்தான் தோன்றியது. முதலில் வாசலுக்கு ஓடி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் படியேறி மெத்தைக்கு ஓடினேன்.

"ஆசாரி, அம்மா பொட்டி அதே மரம்! ஒட்டிக்கிச்சு!"

ஆசாரி இழைப்பதை நிறுத்தினார். "நெசமாவா பாப்பா?" என்றார். உடனே எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு மரச்சுருளைக் காதில் மாட்டிவிட்டார். சற்று நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினார்.

"கீழ யாரோ தேக்க எரிக்கறாங்க பாரு. புகையில தெரியுது."

இழைத்த சீவலை அம்மா அடுப்புக்கு எடுத்துப் போவது வழக்கம்தான் என்று நான் சொன்னேன். சந்து வழியாக நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அப்பா தன் மல்லாட்டை மண்டியிலிருந்து, அதாவது வேர்க்கடலை மண்டியிலிருந்து, சாப்பிட வந்தபோது, ஆசாரி அவரை உள் அறைக்கு அழைத்துப் போனார். நான் சொன்னதாகச் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்ததாகத்தான் சொன்னார். சின்னப் பெண் பேச்சைக் கேட்டேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சமோ என்னவோ. அப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, உன் பொட்டிதான் இந்த வீட்டு மானத்தக் காப்பாத்தப் போவுது. என்னா சொல்ற?"

"பொட்டி இல்லன்னா சாமானெல்லாம் எங்கங்க வெக்கறது?"

"இரும்பு பீரோ இருக்குதே. அதுல வெச்சிக்க. பூச்சி வராது, பொட்டு வராது. உன் பொட்டிக்கு என்னா கேடு? நம்ம வீட்டுத் தரையாவே இருக்கப் போவுது. அழியாம இருக்கும்."

ஆசாரி பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அம்மா முந்தானை முனையை அவிழ்த்தாள்.

"உங்க இஷ்டம்," என்றாள்.

எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். உங்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பீர்கள், எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியை எல்லார் முன்னாலும் காலி செய்தார்கள். அடியிலிருந்து அட்டை வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து முத்திரைகளைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அட, இதுக்குத்தான் வேலூரா? பெரிய டீச்சரம்மாவா நீ?" என்றார். பரிகாசம்தான், கெட்ட எண்ணம் இல்லை. "கவர்மெண்ட் பேப்பர். தொலைச்சிடக் கூடாது," என்று வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவின் உள் அறையில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போயிற்று.

அவர் அதைக் கிழித்திருந்தாலாவது அம்மா சண்டை போட்டிருப்பாளோ என்னவோ. பத்திரமாக வைத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து அப்பா அம்மாவை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். "டீச்சரம்மா, தண்ணி கொண்டா." "டீச்சரம்மா கொழம்புல உப்பு ஜாஸ்தி." அதைச் செல்லம் என்றே அவர் கடைசி வரை நம்பினார். அப்படிக் கூப்பிடுகிறவரிடம் போய், வேலூருக்குப் போக வேண்டும், பீரோவைத் திறங்கள் என்று அம்மா எப்படிக் கேட்பாள்?

ஆசாரி வேலையில் குறை சொல்ல முடியாது. மூடியும் முன்பக்கமும் சேர்த்து நாலு பலகை தேறியது. வருடக்கணக்காக எண்ணெய்க் கை பட்டு மெருகேறின வெளிப்பக்கம் மேலே வரும்படி வைத்தார். பென்சில் எழுத்து இருந்த பக்கம் அடியில் போனது. சாவித் துவாரத்தை மட்டும் புளியங்கொட்டை அளவு ஒரு ஆப்பு வைத்து அடைத்தார். அது இருக்கிற இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா அவருக்கு எப்போதும் போல் மோர் கொடுத்தாள், சோறு போட்டாள். ஆசாரி மேல் அவளுக்குக் கோபம் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். வந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் பெரியப்பா வந்தார். கைத்தடியால் மெத்தை முழுக்கத் தட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பேரப்பிள்ளையை விட்டு ஓடச் சொன்னார்.

"எங்கடா போட்ட?"

"நீங்களே பாருங்கண்ணா."

"தெரியலடா," என்று பெரியப்பா அப்பாவின் முதுகில் தட்டினார். "நெசமாவே தெரியல." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா காபித் தட்டோடு வந்தாள். ஜன்னல் கிட்டே வந்ததும் ஒரு எட்டு வளைந்து, அந்த நாலு பலகையை மிதிக்காமல் போய்க் காபி கொடுத்தாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. பெட்டி மூடியில் அம்மா எழுதி வைத்திருந்த அந்தத் தை என்னை உறங்கவிடவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, வேலூர் போயிட்டு வரட்டுமா?" அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எதுக்கு டீச்சரம்மா? நான் உனக்கு என்னா கொற வெச்சேன்?" என்றார். அம்மா மறுபடி கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் கை மட்டும் முந்தானை முனைக்குப் போகும், அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து கீழே இறங்கும்.

மாசியும் போகப் போகிறது. தவறினவர்களுக்குக் கொஞ்ச நாள் சலுகை உண்டு என்று அம்மா வேலூரில் பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக மண்டிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்பா மூட்டைகளுக்கு நடுவில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மா அட்டைக்கு முத்திரை வைக்கணும். தேதி போயிடும்."

அப்பா ஒரு கை மல்லாட்டையை என் பாவாடையில் போட்டார். "டீச்சரம்மா தூது அனுப்பிச்சாங்களா?" என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வதென்று தெரியாமல். அன்று சாயங்காலம் வீட்டிலும் அதையே சொல்லிச் சிரித்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் சொல்லித்தான் நான் போனேன் என்று ஆகிவிட்டது. இனி அவள் வாயே திறக்க முடியாது. அதையும் நானே செய்து முடித்தேன்.

சலுகை நாளும் போயிற்று. நாலைந்து வருடம் கழித்து, அம்மாவுக்குப் பின்னால் பதிந்த பக்கத்துத் தெரு அக்காவுக்கு ஆர்டர் வந்தது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் குடையும் சாப்பாட்டுப் பையுமாக அந்த அக்கா எங்கள் வீதி வழியாகத்தான் போவார். அந்த நேரத்துக்கு அம்மா மெத்தை ஜன்னலில் நிற்பாள். அப்போதும் அந்த நாலு பலகைக்கு இந்தப் பக்கம்தான் நிற்பாள். "சாமி கும்புடற எடம்னு மிதிக்க மாட்டா," என்று அப்பா விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். தேர் பார்க்கிற இடம் என்பதால் அவர் அப்படி எடுத்துக்கொண்டார். அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது மூன்று தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்: கெட்டவர் இல்லை.

அப்பா போய் வருடங்களாகிவிட்டன. வீடு இப்போது தம்பியிடம் இருக்கிறது. போன மாதம் போன் செய்தான். "அக்கா, மெத்தைத் தரையப் பேத்துட்டு ஸ்லாப் போட்டு டைல்ஸ் ஒட்டப் போறேன். தீபத்துக்கு வர்றவங்களுக்கு ரூம் விடலாம்னு. உனக்கு எதுனா பலகை வேணும்னா வந்து எடுத்துக்கோ."

போனேன். பலகைகளைப் பேர்க்கிற மேஸ்திரியிடம் நாலு பலகை மட்டும் வேறே மரம் என்றேன். அவர் கால் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணாதாம்மா கீது," என்றார். நான் முட்டி வலியோடு உட்கார்ந்து தடவி, புளியங்கொட்டை ஆப்பைக் கண்டுபிடித்தேன். அதற்கு அடுத்திருந்த மூடிப் பலகையை மேஸ்திரி கடப்பாரையால் நெம்பித் திருப்பிப் போட்டார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. வெளிச்சமே படாததால் போலும். மாதம், வருடம், டிக். மாதம், வருடம், டிக். கடைசியில் தை. அதன் பக்கத்தில் காலி.

அந்தப் பலகையை நானும் தம்பியும் பிடித்துக் கீழே இறக்கினோம். அம்மா உள் அறையில், பெட்டி இருந்த அதே மூலையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள். வயது எண்பதைத் தாண்டியும் புத்தி தெளிவு. கண்ணாடி போட்டு எழுத்தைப் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

தம்பி வெளியே போனான். இத்தனை வருடம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, இத ஆசாரி கண்டுபிடிக்கல. நான்தாம்மா அவர்கிட்ட போயி சொன்னேன்."

"தெரியும்," என்றாள் அம்மா.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாதிரிக் கட்டைய பொட்டி மேலயே வெச்சிட்டு ஓடிட்ட. மாவுக் கைய கழுவிட்டு உள்ள வந்தேன். பார்த்ததும் புரிஞ்சிது. எடுத்துட்டுப் போயி அடுப்புல போட்டேன். பழைய மரம் பாரு, சீக்கிரம் புடிக்கல. ஊதி ஊதி எரிச்சேன். கட்டை இல்லன்னா நீ மறந்துடுவன்னு நெனச்சேன்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊதிக்கிட்டே இருக்கறேன், மேல பலகை கிரீச்சு கிரீச்சுங்குது. நீ ஜன்னல் பக்கம் ஓடற. ஆசாரி இழைக்கற சத்தம் நின்னுச்சு."